மேய்ந்த தடம்

ஆய்வாளர் இன்பவல்லி மூன்று வருடமாகக் கடலடியில் கடற்புல் நட்டு வளர்த்துவந்தாள். மறுநாள் அளவெடுப்பு. பாதிக்கு மேல் பிழைத்திருந்தால்தான் ஆய்வைத் தொடரலாம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். முதலில் முங்கிப் பார்த்த படகுக்காரர் நாகூர்கனி செத்த முகத்தோடு மேலே வந்தார்.

"நடுவுல ஒரு சாண் அகலத்துக்கு நீளமா புல்லே இல்ல மேடம். எவனோ வலையப் போட்டு இழுத்துட்டான்."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்தாள். கீழே கலங்கல் தெளியக் காத்திருந்தாள். வலை இழுத்திருந்தால் தடம் நேராகப் போயிருக்கும். இதுவோ இஷ்டத்துக்கு வளைந்து வளைந்து போயிருந்தது. புல்லை வேரோடு பிடுங்கித் தின்ற தடம். அதை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

மேலே வந்து படகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாய்க்குள் உப்புத்தண்ணீர் போயும் சிரிப்பு நிற்கவில்லை.

"வலை இல்லண்ணே. கடல்பசு! வந்து மேஞ்சிட்டுப் போயிருக்கு."

"ஆவுளியாவா? எங்க வாப்பா காலத்துல பாத்தது! நம்ம புல்லயா தின்னுச்சு?"

"நம்ம புல்லத்தான்!"

"அப்ப நாளைக்கு அளவு கொறையுமே மேடம்?"

"கொறையட்டும்ண்ணே. யாருக்காக நட்டோமோ அதுதான சாப்பிட்டிருக்கு."

நாகூர்கனி தலையைத் துவட்டிக்கொண்டிருந்த துண்டை வீசிவிட்டு, அந்தத் தடத்தை இன்னொரு தரம் பார்க்கக் கடலில் குதித்தார்.