வால் கனம்

எல்லோரையும் போல வெண்பாவும் வீட்டு ஷெட்டில் தன் கையாலேயே ஒரு குட்டி விமானம் கட்டி வைத்திருந்தாள். மாதம் ஒருமுறை அதில் ஊத்துக்குளிக்குப் பறந்து வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவாள். திரும்பிக் கிளம்பச் சுவிட்சைப் போட்டதும் ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்கு எரியும். வால் பக்கம் கனம் அதிகம் என்று அர்த்தம். இறங்கித் தேடினால் சீட்டுக்குப் பின்னால் நெய்த்தூக்கு இருக்கும், ஊறுகாய் ஜாடி இருக்கும். ஒருமுறை அரை மூட்டை நிலக்கடலை இருந்தது.

“வாலு கனத்தா மூக்கு மேல தூக்கிக்கும்மா. விழுந்தா நெய்யும் போயிரும், நானும் போயிருவேன். இனி எதையும் வெக்காத.”

“ஒரு தூக்கு நெய்யி தாங்காததெல்லாம் ஒரு ஏரோப்ளேனா?” என்பாள் அம்மா.

இந்த முறை பச்சை விளக்கு எரிந்தது. வெண்பா நம்பவில்லை. விளக்கைத் தட்டிப் பார்த்தாள். பிறகு இறங்கிப் போய், சீட்டுக்குப் பின்னாலும் வாலுக்குள்ளும் கைவிட்டுத் துழாவினாள். ஒன்றுமே இல்லை.

“ஏம்மா, எதுவுமே வெக்கல?”

“நீதான கண்ணு வெக்காதேன்னு சொன்ன?”

பதினோரு வருடத்தில் சொன்ன பேச்சை அம்மா கேட்டது இதுதான் முதல் தடவை. வெண்பா சுவிட்சை அணைத்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டாள்.