தட்டலுக்குப் பிறகு

இமெல்டா தானே எழுதித் தானே பாடும் ஆல்பங்கள் எல்லாவற்றிலும் ஒரே கதைதான்: வீட்டை விட்டுக் கிளம்பிய ஒருத்தி இன்னும் நடந்துகொண்டிருக்கிறாள். ஓர் ஆல்பம் கதவு தட்டும் ஓசையில் முடியும். அடுத்தது அந்தக் கதவு திறக்கும் ஓசையில் தொடங்கும். அதற்குள் ஆல்பத்தை வெளியிடும் கம்பெனி மாறியிருக்கும். மூன்று ஆல்பங்கள், மூன்று கம்பெனிகள். மூன்றையும் தேயத் தேயக் கேட்டவர் குருபாதம். நான்காவதை அவருடைய கம்பெனிக்குப் பாடியிருந்தாள்.

ஸ்டுடியோவில் அவளோடு உட்கார்ந்து கேட்டார். கடைசிப் பாட்டில் கண் கலங்கிவிட்டது. பாட்டு ஓய்ந்ததும் ஸ்பீக்கரில் அந்தத் தட்டல்: டொக், டொக்.

"இந்தக் கதவ எப்பம்மா தொறப்ப?"

"நான் தட்டுறவ சார். தொறக்குறது அடுத்த கம்பெனிக்காரங்க."

"ஒன்ன அனுப்பிருவேன்னு யாரு சொன்னா?"

"முன்னாடி இருந்த மூணு பேரும் இப்படித்தான் கேட்டாங்க."

அவருக்குச் சுருக்கென்றது. அந்தத் தட்டலை மறுபடி ஓடவிட்டுக் கேட்டார். அப்புறம் எழுந்து போய் ஸ்டுடியோவின் கனத்த கதவைத் திறந்தார். கீல் நீளமாக முனகியது.

திரும்பினால், இமெல்டா மைக்கைக் கதவுப் பக்கம் நீட்டியபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதிவாகிறது என்று சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.