உள்ளே வைத்த சந்தனம்

“பொழைக்குமான்னு இப்ப சொல்ல முடியாதும்மா. ரொம்ப முத்திப்போயிருக்கு” என்று சொல்லிக்கொண்டே ஜெயசீலன் சிரிஞ்சில் வெந்நீரை ஏற்றினான்.

“எப்படியாவது காப்பாத்திக் குடுங்க தம்பி. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்” என்று பச்சையம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். இந்தக் கதிக்கு ஆளாக்கியவளே அவள்தான்.

மேசைமேல் மூடி கழன்று கிடந்தது அவள் மகன் தமிழ்மாறனின் பிரிண்டர். பழைய புடவையில் சுற்றி, கைப்பிள்ளையைப் போல மடியில் வைத்து, செந்துறையிலிருந்து அரியலூரில் அவனுடைய ரிப்பேர் கடைக்குப் பஸ்ஸில் கொண்டுவந்திருந்தாள். மகனுக்குத் தெரியாது. அவன் சிநேகிதன் கல்யாணத்துக்குப் பெரம்பலூர் போயிருந்தான்.

குற்றமுள்ள நெஞ்சு எத்தனை நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருக்கும்?

“தம்பி, ஒங்ககிட்ட மறைக்கல. ஆயுத பூசைக்கு அருவா, மம்பட்டிக்கெல்லாம் சந்தனம் வெச்சேன். எம் மவன் படிக்கிற மெஷினாச்சேன்னு இதுக்கும் வெச்சேன். மேல மட்டும் வெச்சா பத்தாதுன்னு, மூடியத் தொறந்து உள்ளயும் ரெண்டு பொட்டு…”

“உள்ளயுமா?” ஜெயசீலன் சிரித்துவிட்டான்.

“ஆமாங்க. குங்குமமும் வெச்சேன்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை அது. பூசை முடிந்த மறுவாரமே தமிழ்மாறன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். ஒரு கேள்வித்தாளைக்கூட அச்செடுக்க முடியவில்லை, உன் சந்தனம்தான் போய் அடைத்துக்கொண்டது என்றான்.

அதன்பிறகு அரசு வேலைக்கான தேர்வு நடந்தது. முடிவும் வந்தது. அவன் நம்பர் அதில் இல்லை.

“இந்த வருஷம் போனது ஒன்னாலதாம்மா” என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னான். பெற்றவளுக்கு அது போதாதா? அன்றிலிருந்து முந்திரிக்காட்டில் குனிந்து கொட்டை பொறுக்கும்போதும் அந்தச் சொல்தான் காதில் கேட்டது. இன்னும் இரண்டு மாதத்தில் அடுத்த தேர்வு. அதற்குள் இந்த மெஷின் ஓடியாக வேண்டும்.

ஜெயசீலன் உள்ளேயிருந்த பொட்டுகளைப் பஞ்சால் துடைத்தெடுத்தான். மை இறங்கும் ஹெட்டுக்கு அடியில் நனைத்த டிஷ்யூவை மடித்து வைத்து, மேலிருந்து வெந்நீரைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தினான்.

“ஓட்டாமக் கெடந்து மை கல்லாட்டம் காஞ்சுபோச்சும்மா. ஊறணும். செத்த நேரம் ஒக்காருங்க.”

உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் மகனைப் பற்றிப் பேசாமல் எந்தத் தாயால் இருக்க முடியும்?

“மூணு வருஷமா தவந்தாங்க தம்பி. சாப்புட்டதும் ரூமுக் கதவச் சாத்திக்குவான். கேள்வித்தாளா எடுத்து எடுத்துப் படிப்பான். வூட்டுல நான் டிவிகூடப் போடுறதில்ல. அதுலயும் சிக்கனத்தப் பாருங்க, வாங்குன அன்னிக்கு ஊத்துன மைதான். இன்னொரு பாட்டில் வேணும்னு ஒரு நாள் கேட்டதில்ல.”

“ம்” என்றான் ஜெயசீலன், கண் மெஷின்மேல்.

முதல் இரண்டு முறையும் வெறும் வெள்ளைத்தாள்தான் வந்தது. பச்சையம்மாள் மாரியாத்தாவுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். சந்தேகத்துக்கு மொட்டையும் சேர்த்து நேர்ந்துகொண்டாள்.

மூன்றாம் முறை டிஷ்யூவில் கறுப்பு கசிந்தது. பின்னாலேயே நீலமும் சிவப்பும் மஞ்சளும் இறங்கின. மெஷின் முக்கி முனகி, எழுத்துகள் நிறைந்த தாள் ஒன்றை வெளியே தள்ளியது.

பச்சையம்மாள் அழுதேவிட்டாள். எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. அந்தத் தாளை எடுத்துக் கண்ணில் ஒற்றப் போனவளை, “மை காயட்டும்மா” என்று ஜெயசீலன் தடுத்தான்.

“இதக் கொண்டுபோய் மொதல்ல எம் மவன்கிட்டக் காட்டணும். எல்லாம் இங்கிலீசுல இருக்கே, என்னாங்க போட்டிருக்கு?”

“மெஷினோட வெவரம்மா. சரியா ஓடுதான்னு பாக்குறதுக்கு எடுக்கிறது.”

“இந்தக் கடைசி வரியில நம்பர் போட்டிருக்கே?”

ஜெயசீலன் தாளைக் குனிந்து படித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். துணியை எடுத்துக் கை துடைக்க ஆரம்பித்தான். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

“சொல்லுங்க தம்பி. இன்னும் உள்ள சந்தனம் இருக்கா?” அவள் மெஷினுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“சந்தனம் ஒண்ணும் பண்ணலம்மா. நீங்க வெச்சது ஓரமாத்தான் இருந்துச்சு” என்றான். “அந்த நம்பர், வாங்குனதுலேருந்து இந்த மெஷின் எத்தன பக்கம் அடிச்சிருக்குன்னு காட்டுறது.”

“அப்படியா!” அவள் முகம் மலர்ந்துவிட்டது. மூன்று வருஷத் தவத்துக்கு மெஷினே சாட்சி சொல்கிறதே! “பத்தாயிரம் இருக்குமா தம்பி?”

ஜெயசீலன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

“இன்னிக்கு நான் எடுத்ததத் தள்ளிட்டா, நாலு பக்கம்தாம்மா.”