மேடம் மீட்டிங்கில் இருக்கிறார்

நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால் கலாமணி.

ஆங்கிலத்தில் போன் பேசும் பயிற்சிக்கு அப்படித்தான் உட்கார வேண்டும். முகம் தெரியக் கூடாது. குரல் மட்டும். கட்டைவிரல் காதில், சுண்டுவிரல் வாயருகே.

இன்று ஒருவர் வரவில்லை. கலாமணிக்கு ஜோடி இல்லை. அதனால் அவன்.

பலகையில் 'கால் பேக்', 'புட் த்ரூ', 'ரன் அவுட் ஆஃப்'. சின்னச் சொற்கள். சேர்ந்தால் வேறு அர்த்தம். எல்லோருக்கும் அதில்தான் தடுமாற்றம்.

திருப்பூர் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் சாப்பாட்டு அறைதான் வகுப்பு. ஆவி இஸ்திரியின் வாடை. கணக்குப் பிரிவு, பேக்கிங், சாம்பிள் பிரிவு ஆட்கள். எல்லோரும் அவனைவிட மூத்தவர்கள்.

எல்லோரும் பாமினியின் மாணவர்கள்.

பாமினி அவன் மனைவி. தை மாதம் இறந்துபோனாள். வகுப்பு பாதியில் நின்றது. மீதியை நடத்த அவன் வந்திருக்கிறான்.

அவள் இறந்துவிட்டாள் என்று அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொந்தக்காரர்களுக்கு அண்ணன் சொன்னார். அக்கம்பக்கத்துக்கு மைத்துனன் சொன்னான். இங்கேயும் மேனேஜர் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

அவன் வாய் திறக்க நேரவே இல்லை. இப்போது திறந்தாலும் வராது என்று நினைத்திருந்தான்.

"ட்ரிங், ட்ரிங்," என்றார் கலாமணி.

"அக்கா, மெதுவா. போனே வேண்டாம், ஜெர்மனிக்கு நேராவே கேட்டுரும்," என்றார் பேக்கிங் துரைசாமி.

சிரித்தார்கள். கலாமணி சட்டை செய்யவில்லை. பேசிப் பேசிப் பழகிய வாக்கியம், ஆங்கிலத்தில் தங்குதடையின்றி வந்தது.

பாமினி மேடத்திடம் பேச வேண்டும். லைன் கொடுக்க முடியுமா?

சிரிப்பு நின்றது.

பாமினியின் வகுப்பில் எல்லா அழைப்பும் பாமினிக்குத்தான். பொய்ப்பெயர் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள் என்பாளாம். மேடம் மீட்டிங்கில் இருக்கிறார், அப்புறம் கூப்பிடுவார் என்று பதில் சொல்ல வேண்டும். அவளை எதிரிலேயே வைத்துக்கொண்டு சொல்வார்கள். அவளும் சிரிப்பாள்.

பழக்கத்தில் வந்துவிட்டது. கலாமணி மூச்சை இழுத்துப் பிடித்தது அவன் முதுகில் தெரிந்தது.

மீட்டிங்கில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். எழுந்து அடுத்த ஜோடியிடம் போய்விடலாம்.

"ஷி இஸ்," என்றான்.

அதற்கு மேல் வரவில்லை.

விரல் காதிலேயே இருந்தது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"போன வெச்சுராதீங்க சார்." கலாமணியின் குரல் தணிந்திருந்தது. "நா லைன்லதான் இருக்கறேனுங்க."

துரைசாமி தொண்டையைச் செருமினார். ஷிப்மெண்ட் ஏன் தாமதம் என்று தன் ஜோடியிடம், தப்பும் தவறுமான ஆங்கிலத்தில், உரக்கச் சண்டை பிடிக்கத் தொடங்கினார். அடுத்த ஜோடியும். அதற்கடுத்ததும். அறை சந்தைக்கடையாகிவிட்டது.

அந்த இரைச்சலுக்குள் அவன் சொன்னான்.

தமிழில்.