நீலப்பொறி கண்ட இரு பிளக்குகள்

மேடேறத் திணறிய காரிலிருந்து பழைய ஸ்பார்க் பிளக் கழற்றப்பட்டது. காயலான் கடைக்குப் போகும் தகரடப்பா அதற்காக வாய் பிளந்து காத்திருந்தது.

"தள்ளும் ஓய், இனி நம் காலம்!" என்றது பொன்முனை கொண்ட புதிய பிளக்.

மெக்கானிக் புதியதை வயரில் செருகிச் சோதித்தார். பொறி வரவில்லை. வயர் முனையில் படிந்திருந்த பச்சைக் களிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, கைக்கு எட்டிய பழையதைச் செருகினார். நீலப்பொறி சடசடவெனப் பாய்ந்தது.

"அண்ணே, இத்தனை நெருப்பையும் உள்ளேயா வைத்திருந்தீர்?" என்று கேட்டது புதியது.

"என்னிடம் ஏது, தம்பி? அது வயர் வழியே வருவது. எனக்கென்று இருப்பது முனையில் இந்த நகக்கண் அளவு இடைவெளிதான்," என்றது பழையது. எஞ்சின் இருட்டிலேயே வாழ்ந்த அதுவும் அந்த ஒளியை அன்றுதான் பார்த்தது.

"இதுவே போதும்," என்று மெக்கானிக் பழையதையே பூட்டினார். மீண்டும் வைக்கப்பட்ட அட்டைப்பெட்டி மூடப்படும்வரை, தன்னிடமும் இருந்த அந்த இடைவெளியையே புதியது பார்த்துக்கொண்டிருந்தது.