பத்தொன்பதாம் எண்

வயல்வெளி காட்டக் கூட்டிப்போன பிள்ளைகளை ரோஸ்லின் டீச்சர் குரலை வைத்தே எண்ணினார். ஆளுக்கொரு எண், வரப்பு திரும்பும்போதெல்லாம் வரிசையாகச் சொல்ல வேண்டும். நான்கு தடவையும் இருபத்துநாலும் கேட்டது. சாலைக்கு ஏறியதும் தலைகளை எண்ணினால் இருபத்துமூன்றுதான்.

“செம்பா எங்கடி? இப்பக்கூட பத்தொன்பதுன்னாளே!”

“நான்தான் டீச்சர், குரலை மாத்திச் சொன்னேன்,” என்றாள் தாமரை, கொஞ்சம் பெருமையாகவே. “ஆமை பாத்துட்டு ஓடியாந்துடறேன், அதுவரைக்கும் நீயே சொல்லுன்னா.”

“ஆமை எங்க?”

“அந்த மொட்டைக் கிணத்துல.”

“எப்ப போனா?”

“மொதத் தடவ எண்றதுக்கு முன்னாடியே.”

டீச்சர் வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நின்றார். “சத்தமாச் சொல்லுங்க, அவ காதுல விழட்டும்!”

பிள்ளைகள் கத்தினார்கள். பதினெட்டோடு நின்றது. எல்லோரும் தாமரையைப் பார்த்தார்கள். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.