அரக்கனின் வாள்

"ஏலே, ஆளை விட நீளமான வாளு! ஒரே வெட்டுல மூணு பேரு விழணும்," என்றான் முத்தையாபுரத்திலிருந்து போனில் நண்பன் வீரபாகு. மேசைமேல் பொம்மைப் படைகளை மோதவிடும் நாளைய விளையாட்டுக்காக, அரக்கன் பொம்மையின் வாளுக்கு இருவரும் விதி வகுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ்வளவு கனத்தை ஓங்கினா, அடுத்த சுத்துல அவன் சும்மாதான் நிக்கணும்," என்றபடி ஸ்ரீனிவாஸ் அலமாரியைத் திறந்தான். மாதக்கணக்கில் வண்ணம் தீட்டிய விரலளவு அரக்கன் வெறுங்கையோடு நின்றான்.

"ஜான்ஹவி! என் வாள் எங்கே?"

"கத்தாதீங்கோ, மாமியெல்லாம் வந்திருக்கா," என்றாள் மனைவி.

கூடத்துக்கு ஓடினான். கொலுப்படியில், மகிஷனை மிதித்து நின்ற குட்டி துர்க்கையின் கையில் அவன் வாள்!

"பழசு ஒடிஞ்சுடுத்து. இது கச்சிதமா இருந்தது."

கொலு முன் மாமிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, லைன்ல இருக்கியா? கடைசியா வாளுக்கு என்ன விதிலே?"

ஸ்ரீனிவாஸ் மாமிகளைப் பார்த்தபடியே சொன்னான்:

"பார்த்ததும்... எதிராளி விழுந்து சேவிக்கணும்."